தாட்சண்யம் யாருக்கு?

சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்சி. காலம் மாறுகிறது, ஜனங்களின் தேவை மாறுகிறது, சட்டம் மட்டும் கல்லில் வெட்டினது போல நிற்கலாமா என்று அந்தக் கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள். சட்டம் என்றால் சட்டந்தான், ஆளுக்கு ஆள் வளைத்தால் அதற்குப் பெயர் சட்டமே அல்ல என்பது எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு இதைவிட நல்ல தலைப்புக் கிடைக்காது. யார் ஜெயித்தாலும் கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் சென்னைப் பட்டணத்தின் தென்பகுதியில், தியாகராய நகருக்கும் மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவே, இது பேச்சுப் போட்டி அல்ல. இங்கே இரண்டு கட்சியும் ஒரே வாயிலிருந்து பேசுகின்றன. உஸ்மான் சாலையில் அனுமதிக்கு மேல் மூன்று மாடி ஏற்றிய கட்டிடத்துக்கு முன்னால் நிற்கும்போது, ‘சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும்’ என்று அந்த வாய் சொல்லுகிறது. பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் ஓடு வேய்ந்த ஒற்றை அறைக்கு முன்னால் வந்ததும், ‘நாங்கள் என்ன செய்வது? சட்டம் சட்டந்தான்’ என்கிறது. இரண்டு இடத்துக்கும் இடையே நாலைந்து கிலோமீட்டர்தான். அந்த நாலைந்து கிலோமீட்டரில் ஒரு தத்துவம் எப்படித் தலைகீழாகிறது என்பதைத்தான் நான் இங்கே பேச வந்திருக்கிறேன்.

முதலில் தியாகராய நகரை எடுத்துக்கொள்வோம்.

இந்த ஊர் தானாக முளைத்தது அல்ல. சட்டம் பெற்ற பிள்ளை. 1920-ல் சென்னை ராஜதானியில் நகர அமைப்புச் சட்டம் ஒன்று வந்தது. அதையொட்டி மாம்பலம் திட்டம் போடப்பட்டு, நீண்டு கிடந்த பெரிய ஏரி தூர்க்கப்பட்டது. அந்தத் தரையில் வீதிகள் கோடு போட்டுக் கீறப்பட்டன. நடுவில் பனகல் ராஜா பெயரில் பூங்கா. அதைச் சுற்றிலும் ஜஸ்டிஸ் கட்சிப் பிரமுகர்களின் பெயரில் சாலைகள். ஊருக்கே சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர். வீட்டுக்கு முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு காலி விடவேண்டும் என்ற திட்டத்தோடு பிறந்த ஊர் இது. வேப்ப மரமும் கிணற்றடியும் உள்ள தனி வீடுகள் எழுந்தன. பிற்பாடு வீடுகள் கடையாயின. கடைகள் மாளிகையாயின. அதிலும் தப்பில்லை. ஊர் என்றால் வளரத்தான் வளரும். எப்படி வளர்ந்தது என்பதுதான் கேள்வி.

1971-ஆம் வருஷத்து நகர ஊரமைப்புச் சட்டம் நமக்கு இருக்கிறது. அதில் 113 என்று ஒரு பிரிவு. எந்தக் கட்டிடத்துக்கும் சட்டத்தின் எந்த விதியிலிருந்தும் சர்க்கார் விலக்கு அளிக்கலாம் என்பது அதன் சாரம். எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு ஜன்னல் தேவைதான். ஆஸ்பத்திரிக்கு ஒரு சாய்தளம் கட்டவேண்டும், விதி இடிக்கிறது என்றால் விலக்குக் கொடுக்க வேண்டாமா? ஆனால் 1987 ஜூலை முதல் 1988 ஜனவரி வரை, ஏழே மாதத்துக்குள், இந்த ஜன்னல் வழியாக வந்த 62 அரசாணைகள் கோர்ட்டுக்குப் போயின. ஜன்னல் வாசலாகிவிட்டது. அந்த 62 ஆணைகளையும் 2000 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து! அதற்குள் செங்கல்லும் சிமெண்டும் இறுகி, வாடகையும் வசூலாகி, திறப்பு விழாப் பந்தல்காரனுக்குப் பாக்கியும் தீர்ந்திருக்கும்.

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இன்னொரு வேலை நடந்தது. 1998-ல் சட்டத்தில் 113-ஏ என்று புதுப் பிரிவு சேர்ந்தது. 1999 பிப்ரவரி 28-க்குள் கட்டி முடித்த விதிமீறல் கட்டிடங்களுக்குக் கட்டணம் கட்டினால் மன்னிப்பு. இதற்கு அதிகாரிகள் வைத்திருக்கிற பெயர் ‘வரன்முறைப்படுத்துதல்’. என்ன அழகான வார்த்தை பாருங்கள்! முறையை மீறினவனை முறைக்குக் கொண்டுவருவது என்று காதில் விழுகிறது. நடப்பது என்னவோ, முறையைத் தூக்கிக்கொண்டு போய் மீறினவன் நிற்கிற இடத்தில் வைப்பது. மரத்தில் அம்பு குத்தின இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்துவிட்டு, குறி தப்பவில்லை என்கிற வில்லாளியின் கதைதான்.

இது ஒரே ஒரு தடவை செய்கிற ஏற்பாடு என்பதால்தான் சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரிவைச் செல்லும் என்று விட்டது. ஒரே ஒரு தடவை! 2000-ல் ஒரு திருத்தம், 2001-ல் ஒரு திருத்தம், 2002-ல் ஒரு திருத்தம். ஒவ்வொரு திருத்தத்திலும் கடைசித் தேதி முன்னால் நகர்ந்தது. 2006 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட் இந்த நீட்டிப்புகள் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. இனி இடிக்கத்தான் வேண்டும் என்று எல்லோரும் நினைத்தபோது, 2007-ல் நடவடிக்கையை ஓராண்டு நிறுத்திவைக்க ஓர் அவசரச் சட்டம். பிறகு அதற்கும் நீட்டிப்பு. 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெரு வட்டாரத்தில் கடைகளைப் பூட்டி முத்திரையிட்டார்கள். 2012 ஜனவரியில் பொங்கல் வியாபாரம் பாழாகிறது என்று முறையிட்டு, சுப்ரீம் கோர்ட்டில் தற்காலிக அனுமதி பெற்று முத்திரையை எடுத்தார்கள். அதே 2012-ல் 113-சி என்று இன்னொரு பிரிவு. இந்தத் தடவை 2007 ஜூலை 1-க்கு முன்னால் கட்டினவற்றுக்கு மன்னிப்பு.

இந்தப் பதினைந்து வருஷத்தில் கோட்டையில் ஆட்சி மாறி மாறி வந்தது. கொடியின் நிறம் மாறியது. தேதி நகர்கிற வழக்கம் மாறவில்லை. ஆகவே இதை ஒரு கட்சியின் குற்றம் என்று சொல்லி யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

இதை ஆதரிக்கிறவர்கள் மூன்று நியாயம் சொல்லுவார்கள். மூன்றையும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

முதல் நியாயம்: கட்டின கட்டிடத்தை இடிப்பது தேசத்துக்கு நஷ்டம் அல்லவா? உண்மை, நஷ்டந்தான். ஆனால் அந்த நஷ்டம் இடிக்கிற நாளில் பிறந்தது அல்ல. அனுமதி இல்லாத நாலாவது மாடிக்கு முதல் செங்கல் வைத்த நாளில் பிறந்தது. அன்றைக்கு அந்தச் செங்கல்லைப் பார்க்காத உத்தியோகஸ்தர் உண்டா? ரங்கநாதன் தெருவில் ஒரு பூக்காரி கூடையை ஒரு முழம் தள்ளி வைத்தால் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கிற நகரம் இது. ஏழு மாடி எழும்பும் வரை அது யார் கண்ணிலும் படவில்லை என்பதை நம்ப நான் தயாராயில்லை. ‘முதலில் கட்டு, பிறகு கட்டணம் கட்டு’ என்ற பாடத்தைச் சர்க்காரே சொல்லிக் கொடுத்துவிட்டு, தேச நஷ்டத்தைப் பற்றிக் கண்ணீர் விடுவதில் என்ன அர்த்தம்?

இரண்டாவது நியாயம்: ஆயிரக்கணக்கான ஏழைத் தொழிலாளிகளின் பிழைப்பு. இது மனத்தைத் தொடுகிற வாதம். திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்து, நாள் முழுதும் நின்றபடியே துணி மடித்துப் போடுகிற பையன்களையும் பெண்களையும் யார் பார்க்கவில்லை? ஆனால் விதிமீறலின் விலையை முதலில் கொடுத்தது யார் என்று பாருங்கள். 2008 செப்டம்பர் 1-ந் தேதி ரங்கநாதன் தெருக் கடை ஒன்றில் தீப்பிடித்தது. செத்துப்போன இரண்டு பேரும் அங்கே வேலை பார்த்தவர்கள். 2017 மே 31-ந் தேதி உஸ்மான் சாலையில் பெரிய ஜவுளிக் கடை ஒன்று எரிந்தது. அதிகாலை, கடை திறக்காத நேரம். அதனால் நாம் பிழைத்தோம். அதே தீ தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத என் பேனாவுக்குத் தெம்பில்லை. சுற்றிலும் விடவேண்டிய காலி இடம் அழகுக்காக அல்ல. தீயணைப்பு வண்டி நுழைவதற்காக. தொழிலாளியின் பெயரைச் சொல்லி அந்த இடத்துக்கு மன்னிப்பு வாங்குகிறவர்கள், அவன் தப்பி ஓடவேண்டிய வழியை அடைத்ததற்குத்தான் மன்னிப்பு வாங்குகிறார்கள்.

மூன்றாவது நியாயம்: பழைய விதிகளே அசட்டு விதிகள், பட்டணத்துக்கு நடுவில் இவ்வளவு விலை கொடுத்து நிலம் வாங்கினவன் மூன்று மாடியோடு நிற்பானா? இருக்கலாம். விதி அசடாயிருந்தால் விதியை மாற்றுங்கள். அதற்கு வழி இருக்கிறது, செய்தும் இருக்கிறார்கள். 2019-ல் தமிழ்நாடு முழுவதற்கும் ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் வந்தன. அதற்கு முன் சாதாரணக் கட்டிடங்களுக்கு நிலப் பரப்பில் ஒன்றரை மடங்குதான் கட்டலாம். புது விதி அதை இரண்டு மடங்காக்கிற்று. அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி நிலம் வைத்திருப்பவர் 3,600 சதுர அடி கட்டலாம் என்றிருந்தது, 4,800 சதுர அடி ஆயிற்று. அந்த விதி நல்லதா கெட்டதா என்று வாதாடலாம். தண்ணீருக்கும் சாக்கடைக்கும் என்ன வழி என்று கேட்கலாம். ஆனால் அது பகிரங்கமாக, எல்லோருக்கும் ஒரே மாதிரி, கட்டுவதற்கு முன்னால் சொல்லப்பட்டது. சட்டம் வளைகிற முறை அது. 113-ஏ வளைந்தது அப்படியல்ல. அது ஏற்கெனவே மீறினவனுக்காக மாத்திரம் வளைந்தது.

இங்கே ஒருவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரைச் சொல்லுகிறேன். மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய சந்தில் ஒருவர் ஒரு கிரவுண்டு நிலத்தில் வீடு கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். பிராவிடண்ட் ஃபண்டுப் பணம். மேஸ்திரி, ‘ஸார், இன்னும் மூணு அடி இழுத்துக் கட்டலாம், யாரும் கேக்க மாட்டாங்க’ என்றான். ‘வேண்டாமப்பா, பிளானில் உள்ளபடி கட்டு’ என்றார் இவர். பிள்ளையின் படிப்பறை சிறுத்துப்போயிற்று. அடுத்த மனைக்காரர் மூணு அடி என்ன, ஆறு அடி இழுத்துக் கட்டினார். மேலே இரண்டு மாடி ஏற்றினார். இவர் வீட்டுக் கூடத்தில் பட்டப்பகலில் விளக்குப் போடவேண்டியதாயிற்று. பிறகு வரன்முறைக் கட்டணம் கட்டி ரசீது வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டார். சர்க்கார் அடுத்த வீட்டுக்காரரை மன்னித்தது சரி. இவர் இழந்த வெளிச்சத்தை எந்தக் கஜானாவில் சேர்த்தார்கள்? இரண்டாவது தடவை வீடு கட்ட நேர்ந்தால் இவர் மேஸ்திரியிடம் என்ன சொல்லுவார்? சட்டத்தின் ஸ்திரம் புஸ்தகத்தில் இல்லை, இப்படிப்பட்ட மனிதரின் நம்பிக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு தேதி நீட்டிப்பும் அதில் ஒரு செங்கல்லை உருவுகிறது.

இப்போது அந்த நாலைந்து கிலோமீட்டரைக் கடந்து கால்வாய்க் கரைக்கு வருவோம்.

ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி, கோவிந்தசாமி நகர் என்று ஒரு குடியிருப்பு. பல தலைமுறையாக இருந்துவந்த ஜனங்கள். சுற்று வட்டாரத்து வீடுகளில் சமைக்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள். இந்த இடம் நீர்நிலைப் புறம்போக்கு, ஆக்கிரமிப்பு என்று வழக்கு. சுப்ரீம் கோர்ட் வரை போய், அகற்றும்படி உத்தரவு. 2022 மே மாதம் இடிக்கும் இயந்திரங்கள் வந்தன. பரீட்சைக் காலம். வீட்டை இழக்கிற வேதனையில், எல்லோரும் பார்க்க ஒரு முதியவர் தம் மேல் தீ வைத்துக்கொண்டு மாண்டுபோனார்.

அதற்கு மறுநாள் என்ன நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் மந்திரி சட்டசபையில் எழுந்து, அங்கிருந்து அகற்றப்படுகிறவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே கட்டப்படும் வீடுகளை ஒதுக்குவோம் என்றார். இனிமேல் அகற்றுவதற்கு முன் ஜனங்களைக் கலந்து பேசுவோம் என்றும் சொன்னார். நல்ல வார்த்தைகள், அவற்றுக்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் என் கேள்வி இதுதான்: மே 9-ந் தேதி வளைய முடிந்த சட்டம், மே முதல் வாரத்தில் ஏன் வளைய முடியவில்லை? மேல்மாடிக்காரர்கள் தீக்குளிக்காமலே பதினைந்து வருஷத்தில் அரை டஜன் தடவை வளைந்துகொடுத்த சட்டம் இது. அவர்கள் ஒரு மனு எழுதினால் போதுமாயிருந்தது. இவருக்கோ ஓர் உயிர் தேவைப்பட்டது.

‘அது வேறு, இது வேறு, கால்வாயை அடைத்தால் வெள்ளம் வராதா? 2015-ஐ மறந்துவிட்டீர்களா?’ என்று கேட்பார்கள். மறக்கவில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்தும் கூவக்கரையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, அதுவும் மறக்கவில்லை. கால்வாய்க் கரையில் மனிதர்கள் வாழவேண்டும் என்று நான் வாதாடவில்லை. கொசுவும் சாக்கடையும் மழைக்கு மழை முழங்கால் தண்ணீரும் உள்ள இடத்தில் யாரும் ஆசைப்பட்டு வாழ்வதில்லை. ஆனால் நீர்நிலையின் பெயரால் பேசுகிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கட்டும். அதே பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் வரிசை வரிசையாகக் கான்கிரீட் தூண்களை நட்டு, அதன் மேல் பறக்கும் ரயிலை ஓட்டி, 1997-ல் திருமயிலை வரை கொண்டுவந்தது யார்? ஏரியைத் தூர்த்து எழுந்த தியாகராய நகரில் 2021 நவம்பரில் வீதி வீதியாகத் தண்ணீர் நின்றதே, அது எந்தக் குடிசையால்? நீர் எல்லோருடைய தப்புக்கும் சேர்த்துத்தான் தண்டனை கொடுக்கிறது. சட்டந்தான் ஆள் பார்த்துக் கொடுக்கிறது.

இன்னொரு விஷயம். நகர ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் வருஷத்தது என்று சொன்னேன். அதே 1971-ல் நாம் இன்னொரு சட்டமும் போட்டோம்: குடிசைப் பகுதிகள் மேம்பாடு, அகற்றுதல் பற்றிய சட்டம். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டாவது சட்டத்தின்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால், அங்கிருப்பவர்களுக்குத் தண்ணீரும் விளக்கும் செய்துதர வேண்டும். உரிய அதிகாரியின் அனுமதியில்லாமல் அவர்களை வெளியேற்ற வழக்குப் போடவே முடியாது. 1971-ல் சென்னையில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-ல் இன்னும் 17. அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு ஒன்றுகூட இல்லை. வாரியத்தின் பெயரை 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று அழகாக மாற்றினார்கள். ஜாபிதாவில் மட்டும் பெயர் சேரவில்லை.

அதே 1985-ல்தான் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில், உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. அதோடு மழைக்காலம் கழியும் வரை, அக்டோபர் 31 வரை, அவர்களை அகற்றக்கூடாது என்றும் உத்தரவிட்டது. சட்டத்தை மீறவும் இல்லை, மழையை மறக்கவும் இல்லை. வளைவது என்றால் இதுதான்.

இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்குத் தேதி நகர்ந்துகொண்டே இருந்தது: 1999, 2002, 2007 என்று. மற்றதற்குத் தேதி 1985-ல் நின்றுவிட்டது. இதற்குமேல் எனக்குச் சாட்சியம் வேண்டாம். சட்டம் வளைய வேண்டுமா, நிலைத்து நிற்க வேண்டுமா என்ற கேள்விக்கு நம்முடைய பட்டணம் கண்டுபிடித்திருக்கிற விடை இது: மேலே வளையும், கீழே நிற்கும்.

இது நம் மரபுக்கே விரோதம். தமிழனுக்கு நியாயத்தைப் பற்றி இரண்டு கதைகள் தாய்ப்பாலோடு புகட்டப்படுகின்றன. ஒன்று, கன்றை இழந்த பசு மணியடித்ததற்காகப் பெற்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை. மற்றது, விசாரியாமல் ஒரு வணிகனைக் கொல்லச் சொல்லிவிட்டு, உண்மை தெரிந்ததும் சிங்காதனத்திலேயே உயிர்விட்ட பாண்டியன் கதை. முதற் கதையில் சட்டம் வளையவில்லை, அதை மெச்சுகிறோம். இரண்டாவது கதையிலும் சட்டம் வளையவில்லை. திருடினவனுக்குக் கொலை தண்டனை, அவ்வளவுதான். ஆனால் அதை நாம் சபிக்கிறோம். ஏன்? சோழன் தன் சொந்தப் பிள்ளை என்று தாட்சண்யம் பார்க்கவில்லை. பாண்டியனோ ஊர் பேர் தெரியாதவன்தானே என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நம்முடைய பாட்டன்மார் சொன்ன பாடம் இதுதான்: வேண்டியவனிடம் நிமிர்ந்து நில், வேண்டாதவனிடம் குனிந்து விசாரி. நாம் அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறோம். போதாக்குறைக்குப் பழைய மகாபலிபுரம் சாலைக்கு அப்பால், பட்டணத்திலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குவித்த இடத்துக்குக் கண்ணகி நகர் என்று பெயரும் வைத்திருக்கிறோம்!

வளைவதே தப்பு என்று நான் சொல்லுகிறேன் என யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1921-ஆம் வருஷத்துச் சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். ஒருவன் நிலம், அதை வாடகைக்கு எடுத்து இன்னொருவன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். நியாயமான வாடகை கொடுக்கும் வரை எழுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கட்டினான். நிலத்துக்காரன் திடீரென்று, ‘எழுந்து போ, வீட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போ’ என்கிறான். பழைய சட்டப்படி அவன் பக்கந்தான் ஜெயம். புதுச் சட்டம் குறுக்கே வந்து, கட்டின வீட்டுக்கு நஷ்டஈடு கொடு, இல்லையானால் கோர்ட் நிர்ணயிக்கிற விலைக்கு நிலத்தை அவனுக்கே விற்றுவிடு என்றது. அந்தச் சட்டமும் ஏற்கெனவே கட்டினவர்களுக்காகப் பின்னோக்கி வளைந்ததுதான். ஆனால் அவர்கள் எந்த விதியையும் மீறினவர்கள் அல்ல. நிலத்துக்காரன் பார்த்திருக்கக் கட்டினவர்கள். அண்டை வீட்டான் வெளிச்சத்தைத் திருடினவர்களும் அல்ல.

நம் அரசியல் சட்டமே வளைந்திருக்கிறது. அதை எழுதின குழுவில் மயிலாப்பூர் வக்கீல் அல்லாடி கிருஷ்ணஸ்வாமி அய்யர் ஒருவர். அது அமுலுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகவில்லை. 1951 ஏப்ரலில் சம்பகம் துரைராஜன் வழக்கில், சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஜூன் மாதத்தில் முதல் திருத்தம் வந்தது. பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழி பிறந்தது. அதை ஒப்புக்கொள்ளாதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனாலும் பார்லிமெண்டில் நாடறிய விவாதித்து, வோட்டெடுத்து, இனிமேல் இப்படித்தான் என்று முன்னோக்கிச் செய்த மாற்றம் அது. கோர்ட்டுக்குத் தெரியாமல் கொல்லைப்புறமாக வந்தது அல்ல.

ஆகவே என் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விதி தப்பானால், கட்டுவதற்கு முன்னால், எல்லோருக்குமாகச் சேர்த்து மாற்றுங்கள். மன்னிப்பு என்று ஒன்று கொடுத்தால் அதற்கு ஒரு தேதி. அந்தத் தேதி நகரக் கூடாது. தீயணைப்பு வண்டி போகிற வழிக்கும், அண்டை வீட்டின் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் எந்த விலைக்கும் மன்னிப்பு விற்கக் கூடாது. அவை விற்பதற்குச் சர்க்காரின் சொத்து அல்ல. அனுமதியில்லாத மாடி எழும்பும்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்த உத்தியோகஸ்தரின் பெயர் அந்தக் கோப்பில் ஏறவேண்டும். கால்வாய்க் கரையில் இருப்பவர்களை எழுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், பரீட்சைக்கும் மழைக்கும் நடுவில் இயந்திரத்தை அனுப்பாமல், முதலில் பக்கத்தில் வீடு, பிறகு பேச்சு, கடைசியில் இயந்திரம் என்று வரிசையை மாற்றுங்கள். 1985-ல் மூடின ஜாபிதாவைத் திறந்து, சேரவேண்டிய பெயர்களைச் சேருங்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிரிப்பார்கள். பொங்கல் வியாபாரம் கெடுகிறது என்பதற்காகப் பூட்டிய கடையைத் திறந்துவிட வழி கண்டுபிடித்த தேசம் இது. பெண்ணின் பரீட்சை கெடுகிறது என்பதற்காக ஒரு குடிசையை இன்னும் ஒரு மாதம் விட்டுவைக்க அதற்கு வழி தெரியாது என்றால், தெரியவில்லை என்று அர்த்தமல்ல. மனசில்லை என்று அர்த்தம்.